முதுகில் மட்டும் கஞ்சி!

டெலிபோன் அலறியது.

காலை எட்டே கால்.

இன்ஸ்பெக்டர் பிரபாவதி இட்லியின் முதல் விள்ளலை வாயருகே கொண்டுபோயிருந்தாள். இந்த மலை ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்து நான்கு மாதம். இதுவரை ஒரு இட்லியைக்கூட சூடாகத் தின்றதில்லை.

எரிச்சலோடு ரிசீவரை எடுத்தாள்.

"மேடம், பஸ் டிரைவர் பேசறனுங்க. அறுபதாவது வளைவுல, காட்சி முனைக்குக் கீழ, பாறை மேல ஒரு ஆளு கெடக்குறாருங்க."

"உயிர் இருக்கா?"

"கழுத்து திரும்பியிருக்கற லட்சணத்தைப் பார்த்தா... இல்லீங்க."

இட்லி தட்டுக்கே திரும்பிப் போனது.

அரை மணி நேரத்தில் ஜீப் வளைவில் நின்றது. பிரபாவதியும் ஏட்டு அத்தாயியும் பாறைகளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அத்தாயி இதே மலையில், திண்ணனூர் நாட்டில் பிறந்தவள். அவள் நடந்து இறங்கினாள். பிரபாவதி பாதித் தூரம் உட்கார்ந்தே இறங்கினாள்.

குப்புறக் கிடந்தான் அவன். கழுத்தில் அடையாள அட்டை.

கலைமணி. வயது முப்பத்து நான்கு. ஐஸ் பரிசோதகர், தென்னக ஐஸ் ஹாக்கி லீக்.

"ஐஸைப் பரிசோதனை பண்ண ஒரு ஆபீசருங்களா மேடம்?" அத்தாயிக்கு வியப்பு.

நியாயமான வியப்புதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் தொழிலதிபர் பூபதி இந்த மலையில் ஒரு ஐஸ் ஹாக்கி அரங்கம் கட்டினார். தகரக் கூரை, ஆயிரம் நாற்காலி, லடாக்கிலிருந்து சம்பளத்துக்கு வந்த ஆட்டக்காரர்கள். அணியின் பெயர் 'கொல்லி காட்டெருமைகள்'! மலையில் குளிர் இருப்பதால் ஐஸ் தானாகவே நிற்கும் என்று அவர் தீர்மானமாக நம்பினார். ஐஸுக்கு அந்தச் சேதி யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஆட்டக்காரர்கள் வேகமாக ஓடி வந்தால் தண்ணீர் தெறித்தது. முன்வரிசை ரசிகர்கள் குடையோடு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. 'ஐஸ் தகுதியானது' என்று கலைமணி கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் போட்டி கோயமுத்தூருக்குப் போய்விடும்.

அந்தக் கலைமணிதான் இப்போது பாறை மேல் கிடந்தான்...

"ஐயோ, நல்ல மனுசனுங்களே!"

மேலிருந்து குரல். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. பூபதி!

பிரபாவதி மூச்சிரைக்க மேலே ஏறி வந்தாள்.

"செல்ஃபி எடுக்கறப்போ தவறி விழுந்திருப்பாருங்க மேடம். பாருங்க, போனு இங்கயே கெடக்குது." தடுப்புச் சுவரைக் காட்டினார்.

பிரபாவதி சுவரைப் பார்த்தாள். செல்போன் அதன் மேல் பத்திரமாக இருந்தது.

"செல்ஃபி எடுக்கறவன் போனோட விழுவான் சார். இவர் போனை ஓரமா வச்சுட்டு விழுந்திருக்காரே?"

பூபதி போனைப் பார்த்தார். இரண்டே விநாடி. உடனே குரலைத் தாழ்த்தினார்.

"மேடம்... சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். எங்க ஐஸ் மேஸ்திரி கந்தப்பன்தானுங்க. நேத்து மத்தியானம் கலைமணி ஐஸுக்குள்ள விரலை விட்டுப் பார்த்துட்டு, 'இது ஐஸ் இல்ல, கூழு'ன்னு சொல்லிப்போட்டாரு. கந்தப்பனுக்கு ஆத்திரம். 'உன்னைய மலையிலிருந்து உருட்டி உடலைன்னா பாரு'ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னானுங்க."

"எல்லார் முன்னாடியுமா?"

"ஆமாங்க. மொத்த டீமும் கேட்டுச்சு."

விபத்து ஒரே நிமிடத்தில் கொலையாக மாறியிருந்தது. பிரபாவதிக்கு அந்த வேகம் பிடிக்கவில்லை.

உடலை மேலே தூக்கி வந்தார்கள். போட்டோ எடுத்து முடிந்ததும் அத்தாயி சட்டையின் முதுகைத் தொட்டாள். விரலால் சுண்டினாள். முகர்ந்தாள்.

"மேடம், இது கஞ்சிங்க."

"என்னது?"

"மரவள்ளிக் கஞ்சி. காஞ்சு மொறமொறன்னு நிக்குது. புளிச்ச வாசம் வேற. இதை மோந்து மோந்தே வளர்ந்தவ நானு, தப்பாதுங்க." சட்டையின் முன்பக்கத்தைப் பிடித்துப் பார்த்தாள். "முன்னாடி துணி மெதுவா இருக்குது. முதுகுல மட்டுந்தான் கஞ்சி."

பிரபாவதி திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் பூபதி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

சட்டைக்குக் கஞ்சி போடுகிறவர்கள் உண்டு. பாதிச் சட்டைக்குப் போடுகிறவன் எவன்...?

மத்தியானம் இரண்டு மணி. அரங்கம்.

'தென்னாட்டின் கல் போன்ற ஐஸ்!' வாசலில் பூபதியின் படத்தோடு ஒரு பெரிய பேனர்.

கந்தப்பன் ஓர் ஓரமாக நின்றிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. கையில் தண்ணீர் விடும் ரப்பர் குழாய்.

"நேத்து மூணரை மணிக்குக் கலைமணியை டீம்காரங்க இங்க பார்த்திருக்காங்க. அதுக்கப்புறம் யாரும் பார்க்கல. ஏழு மணிக்குள்ள உயிர் போயிருக்கும்னு டாக்டர் சொல்றார். அப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"ஊட்லதாங்க அம்மணி."

"ஊட்ல இல்லைன்னு உங்க சம்சாரம் சொல்றாங்களே?"

கந்தப்பன் குழாயைப் பார்த்தார்.

"பொய் சொல்றான் பாருங்க மேடம். இழுத்துட்டுப் போங்க," என்றார் பூபதி.

"நீங்க ஆபீஸ்ல உக்காருங்க சார். கூப்பிடறேன்."

அவர் போனதும் பிரபாவதி ஐஸ் மேல் காலை வைத்தாள்.

சளக்!

பூட்ஸ் கணுக்கால் வரை இறங்கியது. கூடவே புளித்த கஞ்சி வாசம்.

"நான் சேந்தமங்கலத்துல இருவத்தாறு வருசம் ஐஸ் கம்பெனியில பார் ஐஸ் போட்டவனுங்க," என்றார் கந்தப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "நான் போட்ட பாரை உடைக்க ஆணியும் சுத்தியலும் வேணுமுங்க."

"இதை உடைக்க ஒரு ஸ்பூன் போதும் போல. கந்தப்பன், உண்மையைச் சொன்னா உங்க மானம் போகும்னு நெனைக்கறீங்க. சொல்லலைன்னா கொலைக் கேஸ். எது வேணும்?"

கந்தப்பன் நிறைய நேரம் யோசித்தார்.

"கொலைக் கேஸே போட்டுக்கங்க அம்மணி."

பிரபாவதிக்கு அறையலாம் போலிருந்தது. அழுகையும் வந்தது. இந்த மனிதரை ஜெயிலுக்கு அனுப்ப அவளுக்கு மனசே இல்லை. ஆனால், அவர் மிரட்டியதைக் கேட்ட ஒரு டீமே இருக்கிறது. இன்று சாயங்காலத்துக்குள் அவர் வாய் திறக்காவிட்டால் வேறு வழியும் இல்லை.

"கஞ்சியைக் காய்ச்சினது நீங்களா?" சட்டென்று கேட்டாள்.

குழாய் கந்தப்பனின் கையிலிருந்து நழுவியது.

"யாருங்க சொன்னது?"

"கலைமணியோட முதுகு சொல்லுச்சு."

அவ்வளவுதான். மனிதர் உடைந்துபோனார்.

"ஐஸ் வெள்ளையாத் தெரியோணும்னா அடியில அதுக்குன்னு இருக்கற பெயிண்ட்டை அடிக்கோணுமுங்க. முதலாளி கேக்கல. 'நம்ம மரவள்ளிக் கஞ்சியே வெள்ளைதான, ஊத்துடா'ன்னாரு. அண்டா அண்டாவாக் காய்ச்சி ஊத்துனேன். மேல தண்ணி உட்டா எறுகவே இல்லீங்க. பத்தாததுக்கு மத்தியானமானா கூலிங் மெசினை வேற நிறுத்திப்போடுவாரு, மலைக்காத்தே போதும்னு."

"நேத்து?"

"கஞ்சி பத்தலைன்னு மூணு மணி பஸ்ஸுல மாவு வாங்கறதுக்குக் கீழ சேந்தமங்கலத்துக்கு அனுப்புனாரு. ஏழு மணிக்குத்தான் திரும்புனனுங்க. கடையில பழைய கம்பெனி ஆளுங்க இருந்தாங்க. 'கந்தப்பண்ணன் இப்போ ஐஸுக்குக் கஞ்சி போடறாரு'ன்னு ஒரே சிரிப்பு. அதைப் போயி எப்படீங்க சாட்சியாச் சொல்றது?"

மூணு மணி பஸ்! அவரைப் பார்த்துச் சிரிக்கக் கடை நிறைய ஆட்கள்! இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா?

பிரபாவதி பூபதியைக் கூப்பிட்டாள்.

"சார், கலைமணி இந்த ஐஸ்ல மல்லாந்து விழுந்திருக்கார். கஞ்சி முதுகுல ஒட்டி, அப்படியே காஞ்சிருக்கு. ஐஸ்ல கெடந்தவர் ஆறு மைல் தள்ளி மலைக்குக் கீழ எப்படிப் போனார்?"

"எனக்கென்ன மேடம் தெரியும்?"

வாசலிலிருந்து அத்தாயியின் குரல்.

"மேடம், இவரு கார்ல பின்சீட்டு மொறமொறன்னு இருக்குதுங்க."

பூபதி அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

"நான் கொல்லலீங்க. சத்தியமாக் கொல்லலீங்க. கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிட்டு விருட்டுனு திரும்புனாரு. சறுக்கி மல்லாந்துட்டாரு. பின்மண்டை ஐஸ்ல 'டொம்'முன்னு பட்டுச்சு. பேச்சு மூச்சு இல்லை."

"ஆஸ்பத்திரிக்கு ஏன் போகலை?"

"செத்துட்டாருங்களே மேடம். எங்க ஐஸ் கல்லுங்க. அதுல மண்டை பட்டா யாரு பொழைப்பா? ஐஸ்ல ஒரு சாவுன்னு வெளிய தெரிஞ்சா ஃபைனல் போச்சு. அதான் கார்ல போட்டுட்டுப் போயி..."

"தள்ளிவிட்டீங்க. பழியை இவர் மேல போட்டீங்க."

"தப்புதாங்க." வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார் பூபதி. முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. "ஆனா செத்தது விபத்துலதானுங்களே? பொணத்தை எடம் மாத்துன கேஸு மட்டும்தான வரும்? வக்கீல்கிட்டக் கேட்டுட்டேனுங்க."

பிரபாவதியின் செல்போன் சிணுங்கியது. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லுங்க டாக்டர்."

"பின்மண்டையில சின்னதா ஒரு புடைப்பு இருக்கு, அவ்வளவுதான். அதுல ஒரு எறும்புகூடச் சாகாது. ஆள் மயங்கியிருப்பார். கழுத்து முறிஞ்சது பாறையிலதான். ரத்தம் ஓடியிருக்கிற விதத்தைப் பார்த்தா, கீழ விழற வரைக்கும் உயிரோடதான் இருந்திருக்கார்."



பூபதியின் வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

"எங்க ஐஸ்ல விழுந்து... அவர் சாகலீங்களா?"

"இந்தக் கூழ்ல எவன் சார் சாவான்? வாசல்ல எழுதி வச்சிருக்கீங்களே, கல் போன்ற ஐஸ்னு. அதை இந்த மலையில ஒரு ஈ காக்கா நம்பலை. நீங்க ஒருத்தர்தான் நம்பியிருக்கீங்க. நம்பி, உயிரோட இருந்த மனுசனைத் தூக்கிப் போட்டிருக்கீங்க. இது கொலை."

அத்தாயி விலங்கை எடுத்தாள். பூபதி தள்ளாடியபடி கந்தப்பனைப் பார்த்தார்.

"கந்தப்பா... நீயாவது ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

கந்தப்பன் இரண்டு வருடத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து நின்றார்.

"அந்தப் பெயிண்ட்டை வாங்கிக் குடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டனுங்களே முதலாளி. நல்ல ஐஸா இருந்திருந்தா அவரு இங்கயே செத்திருப்பாரு... நீங்க தப்பிச்சிருப்பீங்க!"