மேற்கோள் வானத்துச் சூரியன்

"என்னை வேலையை விட்டுத் தூக்கப் போறாங்க, உஸ்தாத்," என்றாள் ரபாப், நாற்காலியில் உட்காரக்கூடச் செய்யாமல். "நாளைக்கு விசாரணை."

கைரி உஸ்தாத் ஃபூல் என்னும் மொச்சை மசியல் வைத்த ரொட்டியின் கடைசித் துண்டை நிதானமாக மென்று முடித்தார். தஸூக் வேளாண் கல்லூரியில் யார் எழுதிய கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணிச் சொல்லும் பிரிவு அவருடையது. பிரிவு என்றால் அவரும் உதவியாளர் லமீஸும் ஒரு மின்விசிறியும்தான்.

"என்ன திருடினே?"

"மேற்கோளை விலைக்கு வாங்கிட்டேனாம். பேரீச்ச மரத்துக் கூன்வண்டு பத்தி நான் எழுதின கட்டுரையை மூணு வருஷமா ஒரு சிலரைத் தவிர யாரும் சீண்டல. இந்த வசந்தத்துல திடீர்னு நூத்துக்கணக்கான பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க. பல்லு டாக்டருங்க, சிமெண்டு இன்ஜினியருங்க எல்லாம். சத்தியமா நான் யாரையும் கேக்கல."

லமீஸ் அதற்குள் திரையில் வரைபடத்தை விரித்துவிட்டாள். ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆய்வாளர்; மேற்கோள் கூடக் கூடப் புள்ளி பெருக்கும். சேர்ந்து எழுதியவர்களை ஒரு கோடு இணைக்கும். நடுவில், புள்ளி என்று சொல்லக் கூசும் அளவில் ஒரு வட்டம் சூரியன் போல எரிந்தது. கல்லூரி முதல்வர் டாக்டர் இஸ்மத் பரகாத். இதே வரைபடம் தங்கச் சட்டத்தில் வாசலில் தொங்குகிறது. அதைத் தாண்டும்போது பேராசிரியர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். அரசுப் பரிசு இந்த வருடம் அவருக்குத்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். அவர் கொஞ்சம் கூடுதலாகவே நம்பினார்.

"எனக்குப் புல்லரிக்குது உஸ்தாத்," என்றாள் லமீஸ். "வண்டு, நெல்லு, எருமைப் பாலு, பிள்ளை பெத்த பொம்பளைங்களோட சாப்பாடு... மனுஷன் தொடாத துறையே இல்ல."

அவள் கடைசியாகச் சொன்ன தாய்மார் சாப்பாட்டுக் கட்டுரையைக் கைரி விரலால் தொட்டார். கூட எழுதியவர்கள் எல்லோரும் மஸ்கட்காரர்கள். படத்தின் ஓரத்தில் தீவு போல ஒதுங்கியிருந்த அந்தக் கூட்டத்தை இந்தக் கல்லூரியோடு கட்டியது ஒரே ஒரு கோடு.

"ரபாப், வண்டுக் கட்டுரையை யார் யார் எழுதினீங்க?"

"நானும் என்கூட ஆய்வுக்கூடத்துல வேலை பாக்குற ஷுக்ரியும்."

"மூணு பேர் இருக்கே."

"முதல்வர் பேரா? அது மரியாதைக்கு உஸ்தாத். கல்யாணத்துக்கு ஊர்த்தலைவரைக் கூப்பிடுற மாதிரி. அவர் பேரைப் போடாம இங்கேருந்து எது வெளிய போயிருக்கு? நான் ஒருதடவை தனியா ஒண்ணு எழுதினேன். மூணு மாசம் எனக்கு ஆய்வுக்கூடச் சாவியே கிடைக்கல."

"அந்தத் தனிக் கட்டுரைக்கு இந்த வெள்ளம் வந்துச்சா?"

"ஒரு சொட்டுகூட வரல."

"லமீஸ், ஷுக்ரி முதல்வர் இல்லாம எழுதினதைப் பாரு. அப்புறம் முதல்வரோடதை."

லமீஸின் விரல்கள் ஓடின. "ஷுக்ரியோடது வறண்டு கிடக்கு. முதல்வரோடது எல்லாமே... உஸ்தாத், எல்லாமே ஒரே மாசத்துல வீங்கியிருக்கு. மஸ்கட் கட்டுரைகூட."

"அவருக்கு நூத்துக்கணக்குல கட்டுரை. அதனால அவருக்கு வீங்கினா புகழ். உனக்கு ரெண்டே ரெண்டு, அதனால உனக்கு வீங்கினா திருட்டு." கைரி கையைத் துடைத்துக்கொண்டார். "மஸ்கட்டுக்கு ஒரு ஃபோன் போடணும்."

மறுநாள் விசாரணை அறையில் முதல்வரே தலைமை வகித்தார். நேர்மை பற்றி அவர் பேசியதைக் கேட்டு குழுவிலிருந்த ஒருவருக்குக் கண் கலங்கியது. ரபாப் கைகளை மடியில் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"மேற்கோள் கணக்குப் பிரிவு ஏதாவது சொல்லணுமா, கைரி?"

"ஒரு சந்தேகம், பாஷா. பிள்ளை பெத்தவங்க சாப்பாட்டைப் பத்தி நீங்க எழுதினது இருக்கே, அதை நினைச்சு எங்க லமீஸ் அசந்து போயிருக்கா. அந்த ஆராய்ச்சி எப்படி நடந்துச்சுன்னு ரெண்டு வார்த்தை சொல்லக்கூடாதா?"

முதல்வர் கைரியின் பின்னால் நின்ற லமீஸைப் பார்த்தார்; முகம் கனிந்தது. "அது ஒரு தவம், மகளே. வார்டுல ஒவ்வொரு கட்டில் பக்கத்துலயும் நானே உக்காந்து கேட்டேன். பேரிச்சம்பழக் கஞ்சி கொடுத்தாங்களா, ராத்திரி தூக்கம் வந்துச்சான்னு. அந்தத் தாய்மாருங்க கண்ணீர் இன்னும் என் நெஞ்சுல இருக்கு."

கைரி கைப்பேசியை மேசைமேல் நிமிர்த்தி வைத்தார். திரையில் வெள்ளை அங்கி அணிந்த ஓர் அம்மாள் தெரிந்தாள்.

"நான் டாக்டர் இஸ்மத் பரகாத், மஸ்கட் மகப்பேறு ஆஸ்பத்திரி," என்றாள் அவள். "எங்க வார்டுக்குள்ள ஆம்பளைங்களை விடமாட்டோமே. ஐயா எப்படி வந்தாரு?"

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"ஆணுக்கும் பொண்ணுக்கும் பொதுவான பேரு," என்றார் கைரி. "மேற்கோள் எண்ணுற கணினி குழம்பி, 'இந்தப் பிரசவக் கட்டுரை உங்களோடதா'ன்னு முதல்வரைக் கேட்டிருக்கு. வருஷத்துக்கு இத்தனை கட்டுரையில பேரு வந்தா எது எழுதினது, எது எழுதாததுன்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆமான்னு அழுத்திட்டாரு. அது அவர் பட்டியல்ல சேர்ந்த மறுவாரமே பல்லு டாக்டருங்களும் சிமெண்டுக்காரங்களும் பிரசவக் கட்டுரையை மேற்கோள் காட்ட ஆரம்பிச்சுட்டாங்க. அதே ஆளுங்கதான் வண்டையும் காட்டினாங்க. ரபாபுக்கு இந்த அம்மா யாருன்னே தெரியாது. இவங்களுக்கு மேற்கோள் வாங்கிக் கொடுத்து ரபாபுக்கு என்ன லாபம்? உங்க பேரு இருக்கிற எல்லாத்துக்கும் மொத்தமா விலை கொடுத்திருக்கு; வண்டையும் பிரசவத்தையும் கட்டுற ஒரே கோடு நீங்கதான், பாஷா."

"இது எதிரிங்க சதி."

"எதிரி யாராவது உங்களுக்குப் பரிசு வாங்கித் தரப் பாடுபடுவானா?"

கண் கலங்கியவர் கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்தார். குழுவின் மூத்த உறுப்பினர் ரபாப் மேலிருந்த குற்றச்சாட்டை அங்கேயே கைவிட்டு, முதல்வரைத் தலைமை நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். நாற்காலி கனமானது; இழுக்கும் சத்தம் நீளமாகக் கேட்டது.

மாடியிலிருந்த தங்கள் பிரிவுக்குத் திரும்பியதும் லமீஸ் விலைக்கு வந்த மேற்கோள்களை ஒவ்வொன்றாக நீக்கினாள். முதல்வரின் சூரியன் சுருங்கிப் பட்டாணியானது. ரபாபின் புள்ளி கண்ணுக்கே தெரியவில்லை.

"அஞ்சுதான் மிச்சம், அக்கா," என்றாள் லமீஸ் தயங்கியபடி. "மனசு விட்டுடாதீங்க."

"யார் அந்த அஞ்சு பேரு?"

லமீஸ் முதல் கட்டுரையைத் திறந்தாள். பஸ்ராவில் ஒருத்தி எழுதியது. ரபாப் சொன்ன முறைப்படி மரத்தண்டில் கருவியை வைத்து, உள்ளே புழு அரிக்கும் சத்தத்தைக் கேட்டு, ஒரு தோப்பையே காப்பாற்றியிருந்தாள். ரபாப் திரைக்கு அருகே குனிந்து படித்துக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நின்றாள்.

"என் மூணாவது அட்டவணையில ஒரு தப்பு இருக்காம்," என்றாள். அந்த வரியை விரலால் தொட்டாள். "கண்டுபிடிச்சிருக்கா, உஸ்தாத். வரிக்கு வரி படிச்சிருக்கா."