கருங்காட்டுமலையின் முதல் குடிசை

பத்ரிநாராயணனிடம் உதவி கேட்டு வந்த நித்யஸ்ரீ அழுதுவிடுவாள் என்றுதான் ஸ்ரீவித்யா நினைத்தாள். கிழக்குத் தாம்பரத்தில் அவருடைய பக்கத்து ஃபிளாட்காரி ஸ்ரீவித்யா; பள்ளிக்கூட டீச்சர். அவரிடம் யாராவது சிக்கலோடு வந்தால், காபி கொடுக்கும் சாக்கில் ஆஜராகிவிடுவாள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக மோசடிகளைக் கண்டுபிடித்த மனிதர் அவர். பேச்சு அளந்துதான் வரும். அந்தக் குறையை இவள் தீர்த்து வைத்தாள்.

"எங்க கருங்காட்டுமலை சங்கத்துல கல்வெட்டு வைக்கிறாங்க சார்," என்றாள் நித்யஸ்ரீ. "முதல்ல குடியேறினவர்னு ராஜாராமன் அங்கிளோட தாத்தா பேரைப் போடறாங்க. அவருக்கு முன்னாடியே போனவரு எங்க கொள்ளுத்தாத்தா. காபிக்கு நிழல் வேணும்னு சில்வர் ஓக் கன்னுங்களைக் கழுதை மேல ஏத்திக்கிட்டுப் போனாராம். ஆனா எங்ககிட்ட ஆதாரம் இல்ல. அம்மா ரொம்ப உடைஞ்சு போயிட்டாங்க."

"அவர்கிட்ட என்ன ஆதாரம்?"

அவள் போனில் ஒரு பழைய படத்தைக் காட்டினாள். புதுக் குடிசை, வாசலில் தலைப்பாகைக்காரர், பின்னால் ஓங்கிய மரங்கள்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறாரா அந்த ஆளு! கம்ப்யூட்டர்ல ஒட்டின படம் சார் இது!" என்று குதித்தாள் ஸ்ரீவித்யா.

பத்ரிநாராயணன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அசல் படம்தான். நல்ல படம்," என்றார். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. ஸ்ரீவித்யாவுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சேலையூர் மண்டபத்தில் சங்கக் கூட்டம். பெருங்களத்தூர், மறைமலை நகர் என்று சிதறிய மலைக் குடும்பங்கள் கேசரியும் கதையுமாகக் கூடியிருந்தன. ராஜாராமன் பெருமையோடு படத்தைத் திரையில் காட்டினார். பார்த்தால் நல்ல மனுஷராகவே தெரிந்ததில் ஸ்ரீவித்யாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

"தாத்தா மலையேறின வருஷமே போட்ட குடிசையா சார்?" என்று கேட்டார் பத்ரிநாராயணன்.

"வருஷமா? மறுநாளே! கூரைத் தழைகூட வாடல, பாருங்க."

"பின்னாடி என்ன மரம்?"

"சில்வர் ஓக். மலைன்னா அது இல்லாமலா?"

"அங்கேதான் எல்லாரும் ஏமாந்துட்டீங்க. பொறந்ததுலேருந்து பார்க்கறதால, மலையோட பொறந்த மரம்னு நினைச்சுட்டீங்க. அது வெளிநாட்டு மரம். இங்கே யாராவது கொண்டுவந்து நட்டாத்தான் உண்டு. நூல் பிடிச்ச மாதிரி வரிசையா நிக்குது. கூரையைவிட ரெண்டு மடங்கு உயரம். உங்க தாத்தா முந்தின நாள் வந்தவர். அப்போ நட்டது யாரு?"

பின்வரிசையில் யாரோ, "நட்டது இவங்க ஆள்தான்னு என்ன நிச்சயம்?" என்றார்.

ராஜாராமன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "கன்னு ஏத்திக்கிட்டுப் போன கதை வேற எந்த வீட்லயாவது உண்டா?" என்று கேட்டார். ஒருவரும் எழவில்லை.

அவர் மேடையிலிருந்து இறங்கி, நித்யஸ்ரீயின் அம்மா திரிபுரசுந்தரியிடம் போனார். "எங்க தாத்தா நின்னதே உங்க தாத்தா மர நிழல்லதான்மா. இத்தனை நாளா அந்தப் படத்தை வச்சே உங்களை இல்லைன்னு சொல்லிட்டேன். நாளைக்குக் கல்லு வெட்டறாங்க. பேரை நீங்களே சொல்லுங்க."

ஸ்ரீவித்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. திரிபுரசுந்தரி மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"வேலாயுதம்," என்றாள் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "எங்க தாத்தா பேரு வேலாயுதம்."