நான்தான்

காலை ஒன்பது பத்துக்குக் கைபேசி கேட்டது: "புக்கிட் பாத்தோக்கிலிருந்து உங்கள் அலுவலகக் கணக்கில் நுழைகிறார்கள். இது நீங்களா?" மயூரா ராஃபிள்ஸ் பிளேஸில், அலுவலகத்தின் பதினாறாவது மாடியில் இருந்தாள். புக்கிட் பாத்தோக்கில் இருப்பது அவள் வீடு. கணவன் உமாசுதன் எட்டு மணிக்கே வேலைக்குக் கிளம்பியிருந்தான். பூட்டிக் கிடக்கும் வீட்டில் யார் உட்கார்ந்து அவள் பெயரைத் தட்டுகிறார்கள்? 'இல்லை' என்பதை அழுத்தினாள்.

அழுத்தியதுதான் குற்றமாகிவிட்டது. கணக்கு முடங்கியது, அவள் வேலை பார்க்கும் கணினிப் பாதுகாப்புப் பிரிவின் கண்காணிப்புத் திரை சிவந்தது, மேலாளர் செல்வராஜ் காப்பிக் குவளையோடு வந்து நின்றார்.

"மயூரா, நாளைக்கு ஆடிட். ஒரு அலர்ட்கூட ஓப்பனா இருக்கக் கூடாது."

"சார், வீட்ல யாருமே இல்ல. செக் பண்ணணும்."

"ஃபால்ஸ் அலாரம்னு போட்டு க்ளோஸ் பண்ணுங்க லா. இனிமே கேட்டா யெஸ் கொடுங்க. உங்க வேலை கன்ஃபர்மேஷன் என் கையிலதான் இருக்கு."

மூன்று மாதம் அவள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய அறிக்கையில் தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்ட மனிதர். அவர் முதுகுக்குப் பின்னால், ஊழியர்களுக்காக அவளே எழுதிய சுவரொட்டி தொங்கியது: 'தெரியாத அழைப்புக்கு ஆம் சொல்லாதீர்கள்.' கைபேசி மறுபடி கேட்டது. அவர் நகரவில்லை. 'ஆம், நான்தான்' என்ற இடத்தில் கட்டைவிரலை வைத்தாள். கண்ணாடி சில்லென்றிருந்தது, விரலை எடுத்தபோது, ஒட்டிய பிளாஸ்டரைப் பிய்ப்பதுபோல் லேசாக இழுத்தது.

மதியத்துக்குள் பதினொரு முறை கேட்டது. பதினொரு முறையும் 'நான்தான்'.

சாப்பிட்டுத் திரும்பியபோது அலுவலகக் கதவின் கைரேகைப் பூட்டு அவள் விரலை ஏற்கவில்லை. பக்கத்து மேசை முனீரா உள்ளிருந்து திறந்துவிட்டாள்.

"நீ இங்கயா இருக்க? இப்பதான மீட்டிங்ல வீட்லேர்ந்து பேசின?"

"நானா?"

"செல்வராஜ் சார் சொன்னதுக்கெல்லாம் சிரிச்சிக்கிட்டே தலையாட்டின. அவருக்கு ஒரே சந்தோஷம்."

ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. வழியில் டேக்கா சந்தைக்கருகே இறங்கினாள். வாரத்தில் இந்த ஒரு மாலைதான் அவளுக்கென்று இருந்தது: ஈரச்சந்தையின் மீன்வாடையும் பூக்கடை மல்லிகையும் ஆட்டுக்கறிக் குழம்பின் மசாலா நெடியும் கலந்த காற்றில், ஆற்றிய தேநீரின் நுரையைப் பார்த்தபடி யாருக்கும் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரம். இன்று அதையும் கைபேசி கெடுத்தது. இது நீங்களா? 'இல்லை' என்பதில் விரலை அமுக்கித் தேய்த்தாள்.

"உங்களை அடையாளம் காண முடியவில்லை."

முகத்தைக் காட்டினாள். முடியவில்லை. கடவு எண்ணைப் போட்டாள். தவறு. பூட்டிய திரையில் உமாசுதனின் செய்தி மட்டும் வந்து நின்றது: 'பிளாக் கீழ கடையில நிக்கிறேன் மயூ. புட்டுக்கு வாழைப்பழம் கேட்டியே, எத்தனை?'

வீட்டுக்குப் போகாதே. அதை அவனுக்குச் சொல்ல அவளிடம் வழி இல்லை. தேநீரை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

ரயில் ஊர்ந்தது. மின்தூக்கி ஊர்ந்தது. தாழ்வாரம் காலியாக இருந்தது. கதவிடுக்கில் தேங்காய்ப்பூவோடு வெந்த மாவின் மணம். வாசலில் அவன் செருப்பு. பக்கத்தில் அவள் செருப்பு.

பூட்டில் விரலை வைத்தாள். சிவப்பு. மறுபடி. சிவப்பு.

தட்டினாள்.

"யாரு?"

அவள் குரல். உள்ளேயிருந்து.

பழக்கம் முந்திக்கொண்டது. "நான்தான்."

உள்ளே கைபேசி ஒலித்தது. "யாரு மயூ?" உமாசுதன் வாயில் சாப்பாட்டோடு கேட்டான்.

"வாசல்ல யாரோ. இது நீங்களான்னு கேக்குது."

"இல்லன்னு போடு. நீதான எல்லாருக்கும் சொல்லித் தர்ற."

கதவின் உள்தாழ் விழுந்தது.

சுதன் என்று கத்தப் பார்த்தாள். குரல் எழவில்லை. கட்டைவிரலை விளக்கடியில் பிடித்தாள். ரேகை இல்லை. மற்ற விரல்களிலும் இல்லை. கைபேசியின் கறுத்த கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள். தாழ்வார விளக்கு தெரிந்தது. அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பின்சுவர் தெரிந்தது.

கையை மெல்ல முகத்துக்குக் கொண்டுபோனாள்.

வழவழவென்று இருந்தது.