பருப்பு டின் பார்த்த திசை

தூரம் என்று ஒன்று உலகில் கிடையாது. தன் அறியாமைக்கு மனிதன் வைத்த பெயர்தான் தூரம். இந்த மாபெரும் உண்மையை வீரமணி, துவரம்பருப்பு டின்னின் பக்கவாட்டில் ஆணியை வைத்துச் சுத்தியலால் அடித்துக்கொண்டே அறிவித்தான். இரண்டாவது அடியில் ஆணி வழுக்கிக் கட்டைவிரலில் இறங்கியது.

"அறியாமைக்கு ரத்தம் வருது, பாருங்க" என்றாள் மனைவி பரிமளா. டின்னிலிருந்து கொட்டிய பருப்பு அவள் மடியில் முறத்தில் கிடந்தது. "எனக்கு டின்னு திரும்ப வேணும். எலி வரும்."

"இது டின்னு இல்ல, ஆன்டெனா. அமெரிக்காவுல இத வச்சு மூணு மைல் தூரத்துலேருந்து நெட்டு இழுத்துருக்கான்."

"அவன் பொண்டாட்டி பருப்ப எதுல வச்சாளாம்?"

அரியலூருக்கு வெளியே, கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குவாரிக்கு நூறடி தள்ளி இருந்தது வீடு. வீரமணியின் விசிட்டிங் கார்டு அவனை 'மருத்துவ ஆவண ஆலோசகர்' என்றது. வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளியைப் பற்றிப் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு டைப் அடித்துச் சென்னைக் கம்பெனிக்கு அனுப்புவான், அவ்வளவுதான். கம்பெனி தினமும் மூன்று ஃபைல் கொடுக்கும். ஏழு மணிக்குள் திரும்பிப் போக வேண்டும். இந்த மாதம் இரண்டு முறை போகவில்லை. மூன்றாவது முறைக்கு மன்னிப்பு கிடையாது என்று மெயில் வந்திருந்தது. பரிமளாவும் மெயில் இல்லாமலே சொல்லியிருந்தாள்: "இந்த வேலயும் போச்சுன்னா நான் மீன்சுருட்டிக்கு எங்கம்மா வூட்டுக்குப் போறேன். கூப்புட வராதீங்க." இது நான்காவது வேலை. அவள் சும்மா சொல்லும் ரகமில்லை.

இணைப்புக்கு நண்பன் செபஸ்டினின் பிரவுசிங் சென்டர்தான் கதி. கிழக்கே முக்கால் கிலோமீட்டர். நடுவில் புளியமரங்கள், தண்ணீர்த் தொட்டி. லேப்டாப்பில் சொருகிய வயர்லெஸ் கார்டிலிருந்து ஆறடிக் கறுப்பு ஒயர் புறப்பட்டு, டின்னுக்குள் நிறுத்திய ஒரு துண்டுச் செம்புக் கம்பியில் முடிந்தது. அதைக் கிழக்கு ஜன்னலில் வைத்து, ஒரு மகாநாட்டைத் தொடங்கி வைப்பவன் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு திரையைப் பார்த்தான்.

ஒரு சிக்னல் கோடுகூட வரவில்லை. மணி ஐந்து நாற்பது.

ஆத்திரத்தில் டின்னை மேற்கு ஜன்னல் பக்கம் தள்ளினான். அது உருண்டு, கம்பிகளுக்கு நடுவில் சிக்கி, குவாரியைப் பார்த்து நின்றது.

ஐந்து பச்சைக் கோடுகள்.

மேற்கே வீடு இல்லை, கடை இல்லை, கம்பம்கூட இல்லை. வேலிகாத்தான் புதரும், வெட்டி முடித்த குழியும், அதில் வருடக்கணக்காகத் தேங்கிய பால்நிறத் தண்ணீரும்தான். திரையில் தெரிந்த இணைப்புக்குப் பெயர் இல்லை. கடவுச்சொல்லும் கேட்கவில்லை. வெந்த சுண்ணாம்பில் தண்ணீர் தெளித்தாற்போல் ஒரு வாடை டின்னின் வாயிலிருந்து மெல்லக் கசிந்து அறைக்குள் பரவியது. அவன் அதைப் பருப்பு வாடை என்று எடுத்துக்கொண்டான். மூன்று ஃபைல்களும் மூச்சுவிடும் நேரத்தில் இறங்கின.

"பாத்தியா? விஞ்ஞானம்!" என்று கத்தினான்.

"டின்னு" என்றாள் பரிமளா அடுப்படியிலிருந்து.

முதல் ஃபைல் ஒரு முழங்கால். இரண்டாவது ஒரு பித்தப்பை. காதில் ஹெட்ஃபோன். தையல் மிஷினுக்கு இருப்பதுபோல் அவன் காலடியில் ஒரு மிதி. மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். கேட்பதை மனசுக்குள் விடாதே, விரலுக்கு விடு என்பது பயிற்சியில் சொல்லிக்கொடுத்த மந்திரம். வீரமணி அதில் சித்தன். யார் வாழ்ந்தார், யார் செத்தார் என்று தெரியாமலே நூறு பக்கம் அடிப்பான்.

மூன்றாவது ஃபைலில் குரல் மிக நிதானமாக இருந்தது. ஆங்கிலம்தான். எல்லா டாக்டர்களும் சொல்வதுபோல் வாக்கியம் முடிந்ததும் 'ஃபுல் ஸ்டாப்' சொன்னது. பின்னணியில் எங்கோ ஆழத்தில் சொட்டு விழும் சத்தம். ஆண், வயது முப்பத்தொன்று, ஃபுல் ஸ்டாப். தரையில் அமர்ந்திருக்கிறார், ஃபுல் ஸ்டாப். நீலக் கட்டம் போட்ட லுங்கி, ஃபுல் ஸ்டாப். இடது கட்டைவிரலில் புதிய காயம், இடது புருவத்தில் பழைய தையல், ஃபுல் ஸ்டாப்.

ஒரு பக்கம் முழுக்க அடித்த பிறகுதான் விரல் நின்றது. இடது புருவத்தைத் தொட்டுப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் விழுந்து போட்ட தையல் அங்கேயே இருந்தது.

மிதியிலிருந்து காலை எடுத்தான்.

குரல் நிற்கவில்லை.

"நோயாளி காலை எடுத்துவிட்டார். ஃபுல் ஸ்டாப்."

செல்போன் அடித்தபோது அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. செபஸ்டின்.

"டேய் மாப்ள, சொல்ல மறந்துட்டேன். வரதராஜன்பேட்டைல மாமா பொண்ணுக்கு நிச்சயம்டா. காலைலயே கடையப் பூட்டிட்டு வந்துட்டேன். மோடம் எல்லாம் ஆஃப். இன்னிக்கு நெட்டு வராது."

"வருதேடா. அஞ்சு கோடு. மேக்கேருந்து."

"மேக்க குவாரில்ல இருக்கு? அங்க எவன்டா நெட்டு வச்சுருக்கான், தண்ணில இருக்குற மீனா?" செபஸ்டின் சிரித்துவிட்டு வைத்தான்.

அந்த மூன்றாவது ஃபைல் கம்பெனி வைக்கும் பரீட்சை என்று வீரமணி முடிவு செய்தான். தரப் பரிசோதனை. மருத்துவ ஆவண ஆலோசகர்களை இப்படித்தான் சோதிப்பார்கள். மணி ஆறு முப்பத்தைந்து. மிச்சத்தை அடித்தான். பற்கள் தந்தியடித்தன, விரல்கள் பிசகவில்லை.

"இங்க பாருங்க" என்று பரிமளா வாசற்படியில் வந்து நின்றாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "குழிப் பக்கம் யாரோ எம்பேரு சொல்லிக் கூப்புடுறாங்க. யாருன்னு பாத்துட்டு வரேன்."

ஹெட்ஃபோனைக் கழற்றாமலே ஒரு கையை உயர்த்தினான். இரு என்று அர்த்தம். போ என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவள் போனாள்.

"அடுத்த நோயாளி" என்றது குரல். "பெண், வயது இருபத்தாறு. நுரையீரல் இரண்டிலும் சுண்ணாம்புத் தண்ணீர். ஃபுல் ஸ்டாப்."

அதையும் அடித்துவிட்டான். அடித்த பிறகே படித்தான்.

"பரிமளா!"

"வரேங்க" என்றாள். வெளியிலிருந்து அல்ல. ஹெட்ஃபோனிலிருந்து.

ஆறு ஐம்பது. குரல் ஓய்ந்திருந்தது. சொட்டும் சத்தம் மட்டும். மூன்று ரிப்போர்ட்டையும் அனுப்பும் பொத்தானை அழுத்தினான். பத்து சதவீதம். பதினைந்து. கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பாய்ந்து டின்னைக் கையில் பிடித்துக் குவாரிக்கு நேராக நிறுத்தினான். கோடுகள் திரும்பின. கையை எடுத்தால் விழுந்தன. பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும்.

நின்றான். ஜன்னல் வழியே பார்த்தான்.

சாயங்காலத்தின் கடைசிச் சாம்பல் வெளிச்சத்தில், வேலிகாத்தானுக்கு நடுவில், பரிமளா அடிமேல் அடி வைத்து மெல்ல நடந்துகொண்டிருந்தாள். டின்னின் வாய்க்கு நேர்கோட்டில். அவன் கை மாற்றிப் பிடித்ததில் டின் இடப்பக்கம் அரை அங்குலம் நகர்ந்தது. அவளும் இடப்பக்கம் நகர்ந்தாள். வலப்பக்கம் நகர்த்தினான். வலப்பக்கம்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. டின்னை வீட்டுப் பக்கம் திருப்பினான்.

அவள் நின்றாள். திரும்பினாள். தூக்கத்தில் நடப்பவளைப் போல வீட்டை நோக்கி ஓரடி வைத்தாள்.

திரையில் கோடுகள் செத்தன. அறுபத்திரண்டு சதவீதத்தில் அப்லோட் நின்றது. மணி ஆறு ஐம்பத்தைந்து.

வேலை போனால் இவள் மீன்சுருட்டிக்குப் போய்விடுவாள். திரும்பி வரமாட்டாள். இவளுக்காகத்தானே எல்லாம். குழிக்கு இன்னும் முப்பதடி இருக்கிறது. இரண்டு நிமிடம். இரண்டே நிமிடம். பிறகு திருப்பிக்கொள்ளலாம்.

டின்னைக் குவாரிப் பக்கம் திருப்பினான்.

எழுபது. எண்பது.

அவள் நடந்தாள். வேகமாக.

எண்பத்தைந்து. "பரிமளா, நில்லு!" டின்னுக்குள் அவன் குரலே எதிரொலித்தது.

தொண்ணூறு.

தண்ணீர்ச் சத்தம் முதலில் ஹெட்ஃபோனில் கேட்டது. பிறகுதான் வெளியில்.

சொட்டு. சொட்டு. கிட்டத்தில்.

ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை. இமையில் வெள்ளை. முடியிலிருந்து பால்போல் வழிந்தது. கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டி, டின்னை அவன் பிடித்திருந்த கையோடு சேர்த்துப் பிடித்தாள். குளிர்ந்தது. தமிழைத் தவிர வேறெதுவும் பேசியிராத பரிமளா வாயைத் திறந்தாள். சுண்ணாம்புத் தண்ணீர் வழிந்தது. அதற்குப் பின்னால் அந்த நிதானமான குரல் வந்தது.

"ஃபுல் ஸ்டாப்."

டின் அப்போதும் குவாரியைப் பார்த்தே இருந்தது. அப்லோட் தொண்ணூற்றாறு சதவீதம் ஆகியிருந்ததால் வீரமணி அதைத் திருப்பவில்லை.