மெருகு போட்ட மூலை

பன்னிரண்டாம் தேதி, புதன்.

தப்பு: ஒன்று. வேலையைத் தொடங்கும் முன் போட்டோ எடுக்க மறந்துவிட்டேன். மற்றபடி சுத்தமான வேலை.

வேலை நோட்டில் இதை எழுதிவிட்டு அவள் பேனாவைக்கூட மூடவில்லை... போன் அலறியது!

"கார்டுல கல் டாக்டர்னு போட்டிருக்கே, அது நீதானாம்மா?"

"ஆமாங்க. குவார்ட்ஸ் சமையல் மேடை ரிப்பேர்."

"இன்ஸ்பெக்டர் பேசறேன். காலையில ரிப்பேர் பண்ணின வீட்டுக்கு உடனே வா. அந்த வீட்டம்மா செத்துட்டாங்க!"

இருபதே நிமிடம். அதே சமையலறை. அதே சாம்பல் நிற மேடை. நாற்காலியில் கணவர், கைக்குட்டையும் கையுமாக.

"மாடி பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்கன்னு சார் சொல்றார்," என்றார் இன்ஸ்பெக்டர். "இரும்பால அடிச்ச மண்டைன்னு டாக்டர் சொல்றார். விடிகாலையிலயே உயிர் போயிருக்கு. நீ எப்ப வந்தே?"

"ஒ... ஒன்பது மணிக்கு சார். இந்த சார்தான், சம்சாரத்துக்குத் தலைவலி, மேல தூங்கறா, சத்தம் போடாம பாருங்கன்னார்."

அவள் கூரையை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று மணி நேரம்... தலைக்கு மேலே ஒரு பிணம்... அதன் தூக்கம் கெடக்கூடாது என்று மெஷினை மெதுவாக ஓட்டியிருக்கிறாள்!

"அடிச்ச இரும்பு மேடையிலயும் பட்டிருக்கும். நீ ரிப்பேர் பண்ணின மூலை எப்படி இருந்துச்சு?"

"கட்டைவிரல் அகலத்துக்குச் சில்லு பேந்திருந்தது. குக்கர் விழுந்துடுச்சுன்னார். விளிம்புல கனமா எதையும் போடாதீங்க, சூடான பாத்திரத்தை நேரா வைக்காதீங்கன்னு சொன்னேன். இனிமே இங்க சமையலே இருக்காதும்மான்னார்."

"சில்லு பேந்த பள்ளத்துல ஏதாவது?"

"செவப்பா... ஒரு கறை."

"அதை?"

"துடைச்சுட்டேன் சார். அசிடோன் திரவம் போட்டு, மூணு தடவை. ஒட்டற இடம் சுத்தமா இல்லேன்னா ரெசின் பசை பிடிக்காது. அப்புறம் கலர் கலந்து ஊத்தி, மெருகு போட்டு..."

"போட்டோ?"

அவள் தலை குனிந்தாள்.

"பிரமாதம்! கொலைகாரன்கூட தடயத்தை இவ்வளவு நேர்த்தியா அழிச்சிருக்க மாட்டான். உடந்தைன்னு உன்னையும் உள்ளே தள்ளலாம், தெரியுமா?"

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்க மூலையைத் தடவினார். வழவழ! இதுவரை அவள் செய்ததிலேயே சிறந்த வேலை. பாழாய்ப்போன வேலை!

"லைட்டை அணைங்க சார்," என்றாள், அழுகையை விழுங்கி. "ரெசினைக் காய வைக்கிற ஊதா விளக்கு பையில இருக்கு. அந்த வெளிச்சத்துல ரெசின் மட்டும் மின்னும். அடியில கறை மிச்சமிருந்தா கறுப்பா தெரியும்."

திரைகள் மூடின. மூலை நீலமாக மின்னியது. லென்ஸை வைத்துக் குனிந்தாள்.

ஒரு பொட்டுக் கறை இல்லை.

கணவர் சிரித்தேவிட்டார். "குக்கர் விழுந்துச்சு, ரிப்பேர் பண்ண வெச்சேன். இது ஒரு குத்தமா சார்? பாவம், சின்னப் பொண்ணை ஏன் படுத்தறீங்க?"

அவள் கை தளர்ந்தது. விளக்கு சரிந்தது...

அடுப்புப் பக்க மூலையும் மின்னியது!

"சார்... இது நான் போட்டதில்லை!" பாய்ந்து குனிந்தாள். "பழைய வேலை. கடையில விக்கிற ரெசின் ட்யூபை வாங்கி அவசரமா பூசியிருக்காங்க. பூசறதுக்கு முன்னாடி துடைக்கவே இல்லை! அடியில கறுப்பா ஒரு கோடு, அப்படியே காய்ஞ்சு கிடக்கு!"

சிரிப்பு பாதியில் அறுந்தது.

இன்ஸ்பெக்டர் கணவரின் தோளில் அன்பாகக் கை போட்டார். "ஃபைல்ல படிச்சேன்... உங்க முதல் சம்சாரம் நாலு வருஷம் முன்னாடி வழுக்கி விழுந்ததும் இதே வீட்லதானே சார்?"

கணவரின் கைக்குட்டை நழுவி விழுந்தது.

வீடு திரும்பியதும் அவள் நோட்டைத் திறந்தாள்.

நாளை வேலை: காலை ஒன்பது மணி. அடுப்புப் பக்க மூலையை வெட்டி எடுத்து இன்ஸ்பெக்டரிடம் கொடுக்க வேண்டும்.

கொஞ்சம் யோசித்தாள். தன்மேல் நம்பிக்கை இல்லாமல் இன்னொரு வரியும் சேர்த்தாள்.

துடைக்கக் கூடாது!