பல்பு மேல் போட்ட பழி

லிஃப்ட் இருபது நிமிடம் நின்றுவிட்டிருந்தது. கதவைத் திறந்துவிட்ட மெக்கானிக்கை அவள் முறைத்தாள். மூன்றாம் மாடி அலுவலகத்தில் டைப் அடிப்பவள்.

“இது லிஃப்டா, சமாதியா?”

“சமாதில இவ்ளோ சத்தம் வராதுங்க…”

சிரித்துவிட்டாள். வெளியே மழை. உள்ளே ஒரு மஞ்சள் பல்பு. அவள் கண்களில் தேன் கலந்தாற்போல் ஒரு நிறம்… பல்பின் வெளிச்சம்தான், அழகு என்று நினைத்தான்.

மறுநாள் வலிய வந்து, பல்பை மாற்றினான்.

“இப்ப லிஃப்டுக்கு என்ன கோளாறு?”

“லிஃப்டுக்கு இல்லைங்க…”

“வாய் மட்டும் நல்லா ஓடுது. எனக்கு மூணு நாளா சாப்பாடே இறங்கல. அசதி வேற.”

புது பல்பின் வெள்ளை வெளிச்சத்திலும் கண் மஞ்சளாகத்தான் இருந்தது. பார்த்தான். கேட்கவில்லை. கேட்டால், கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்துவிடுமே…

அடுத்த நாள், எந்தப் பட்டனை அழுத்துவது என்று தெரியாமல் லிஃப்டுக்குள் நின்றாள். “நீங்க யாரு?” என்றாள் அவனிடமே. சரிந்தாள். தூக்கிக்கொண்டு ஓடினான்.

“காமாலைக் கிருமி. ஈரல் மொத்தமா நின்னுபோச்சு. ரெண்டு நாளுக்குள்ள வேற ஈரல் வைக்கணும்” என்றார் டாக்டர்.

அவளுடைய அண்ணன் வந்தான். “என் தங்கச்சியத் தூக்கிட்டு வர நீ யாருடா?”

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நோயாளியைச் சேர்த்தவர் நிரப்பும் படிவத்தில், உறவு என்ற இடத்தில் ‘எதுவும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தான். ஆனால் மருத்துவமனை வாசலைத் தாண்டிப் போகவில்லை.

ஈரல் தர அண்ணனின் ரத்தம் சேரவில்லை. அண்ணன் வாசலுக்கே வந்தான். “தம்பி… கோவத்துல பேசிட்டேன்ப்பா.”

மெக்கானிக்கின் ரத்தம் சேர்ந்தது. ஈரலில் பாதியைத் தரலாம். உறுப்பு தானத்துக்கான அனுமதிக் குழு அந்தப் படிவத்தை எடுத்து நீட்டியது.

“இது உங்க எழுத்துதானே?”

“வீம்புக்கு எழுதினதுங்க…”

உறவில்லாதவர் ஏன் தருகிறார் என்று விசாரித்துக் கையெழுத்துப் போட ஒரு நாள் ஆனது. அதற்குள் அவள் மூளை வீங்கிவிட்டது. இனி அறுத்துப் பயனில்லை என்றார் டாக்டர்.

அவனை உள்ளே விட்டார்கள். நர்ஸ் அவள் இமையை விரலால் உயர்த்தி டார்ச் அடித்தாள். கருமணி சுருங்கவில்லை. சுற்றிலும் அதே மஞ்சள்.

“அன்னைக்கே பார்த்தேன்…” என்றான். “பல்பு மேல பழியப் போட்டேன். உங்களையே பார்த்துட்டு இருந்தேன்னு சொல்ல வெக்கம். பிடிச்சிருக்குங்க… ரொம்ப.”

நர்ஸ் டார்ச்சை அணைத்தாள். இமையை மட்டும் உடனே விடவில்லை.