கட்டில் காலில் செய்த பூனை மரம்

சொதி மரத்தில் ஏறவில்லை. அதில் மாதங்கிக்கு வியப்பில்லை. எதை வாங்கிக் கொடுத்தாலும் அது வந்த பெட்டிக்குள் போய்ப் படுக்கிற பிறவிதான் பூனை. அவளை உறுத்தியது வேறு. மூன்று நாளாகச் சொதி மரத்துக்கு முன்னால் கால்களை மடித்து இருந்துகொண்டு, நடுத்தட்டில் அவள் பொருத்தியிருந்த கூட்டின் வட்ட வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் தலை மிக மெல்ல உயர்ந்தது, மிக மெல்லத் தாழ்ந்தது. படுத்திருக்கும் ஒருவரின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவரின் தலை அப்படித்தான் அசையும்.

கூட்டுக்குள் எதுவும் இல்லை. அவளே செய்த கூடு. நாற்பது சென்ரிமீற்றர் ஆழம், பின்பக்கம் ஒட்டுப்பலகை, பதினான்கு ஸ்க்ரூ.

மணி மூன்றரை. டிசம்பரில் அந்த நேரத்துக்கே வெளிச்சம் கழுவிய தண்ணீர் போலச் சாம்பலாகி, லண்டன் லூயிஷாம் ஸ்டேஷன் பக்கத்து மாடிகளுக்குப் பின்னால் வடிந்துவிடும். வேலை முடிய இன்னும் ஒரு அழைப்பு இருந்தது. மாதங்கி காதுக்கருவியை மாட்டிக்கொண்டாள். குடும்பத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள், அதுவும் கட்டடப் பொறியியல். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு அவள் செய்கிற வேலை, ஈரம் ஊறிய சுவர்களுக்கு நடுவே வாழ்கிறவர்களிடம், அது நீங்கள் விடுகிற மூச்சின் ஈரம்தான் என்று வீட்டு நிர்வாகத்தின் சார்பில் மரியாதையாகச் சொல்வது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை.

"பிள்ளை, சுவருக்குள்ள ஆரோ தட்டுகினம்" என்றது குரல். குடியிருப்பாளர் மேரிசாந்தி அன்ரி. இந்த வாரம் இது மூன்றாவது தடவை.

"அது ஹீற்றிங் பைப் அன்ரி. சூடாகேக்க விரியும், அப்ப சத்தம் வரும். ஒண்டுமில்லை."

"பைப் எண்டா எண்ணியெண்ணித் தட்டுமே?"

மாதங்கி கூட்டின் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரி சரி. நீங்கள் படிச்ச பிள்ளையள். நீங்கள் பைப் எண்டா பைப்தான்" என்று சிரித்துவிட்டு அன்ரி வைத்துவிட்டார்.

மாதங்கி காதுக்கருவியைக் கழற்றாமல் அப்படியே இருந்தாள். இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

மரம், அப்பாவின் கட்டில். யோகராஜா மூன்று வருடம் அதில்தான் கிடந்தார். பக்கவாதம் வலப்பக்கத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது. அம்மா கல்யாண மோதிரத்தை அவருடைய இடக்கைக்கு மாற்றிவிட்டார். அந்த மோதிரத்தால் தலைமாட்டுக் காலில் தட்டுவதுதான் அவருக்கு மிஞ்சிய பாஷை. இரண்டு தட்டினால் புரட்டிவிட வேண்டும். மூன்று தட்டினால் தண்ணி. ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளை மூக்குப்பேணியில் தண்ணி எடுத்து, அதன் மூக்கை உதட்டோரம் வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சரிக்க வேண்டும். தட்டித் தட்டியே அந்த ஓக் மரத்தில் பெருவிரல் நுனி அளவுக்கு ஒரு குழி விழுந்திருந்தது.

ஒக்ரோபர் கடைசியில் அவர் போனார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல் கட்டிலும் போகவேண்டும் என்றார் அம்மா.

"ஆள் போன கட்டிலை வீட்டில வைக்கிறேல்லை பிள்ளை. திரும்பி வந்தாலும் படுக்க இடம் இருக்கக்கூடாது."

பழைய சாமான் ஏற்றுகிற கவுன்சில் வண்டிக்கு மாதங்கி பதியவில்லை. முதலில் மறந்தாள். பிறகு களைத்தாள். பிறகு, தினமும் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவின் வாயை மூட, வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்று சொல்லிவிட்டாள். குளிருக்குப் பயந்து அம்மா எட்டியும் பார்க்காத பல்கனியில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த கட்டிலை, அந்தியேட்டி முடிந்த அடுத்த சனிக்கிழமை, அம்மா வேலைக்குப் போனபின் வாள் எடுத்து அறுத்தாள். அறுக்கும்போது அவளுக்குக் கோபம் இருந்தது. யார் மேல் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கடையில் விற்கிற, கை பட்டாலே ஆடுகிற மட்டைப் பூனை மரங்களைவிட இது திடமாக இருக்கும், அப்பாவின் பூனைக்கு அப்பாவின் மரம், அவ்வளவுதான் கதை என்று நினைத்தாள். பக்கப் பலகைகள் தட்டுகளாயின. தலைமாட்டுப் பலகை கூடாயிற்று. குழி விழுந்த கால் நடுத்தூண். குழி வெளியே தெரியாமல் சிசல் நார்க்கயிற்றை இறுக்கி இறுக்கி நூற்றுப் பதினெட்டுச் சுற்றுச் சுற்றினாள்.

வேலையால் வந்த அம்மா கோட்டையும் கழற்றாமல் நின்று பார்த்தார். "பூனைக்கு மூண்டு தட்டு மாடி. எங்களுக்குக் கவுன்சில் தந்தது பொந்து."

"நீங்களும் ஏறிப் படுங்கோவன்."

"பலகை எங்கால?"

"கடையில வெட்டுவிச்சனான்."

அம்மா சிரித்தார். அப்பா போனபின் முதல் தடவை.

முதல் தட்டல் அடுத்த நாளே கேட்டது. மூன்று ஐம்பதுக்கு. சொதியின் வால் தூணில் படுகிறது என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தபோது சொதி சோபாவுக்குக் கீழே இருந்தது. இரண்டாம் நாள், பைப். எழுந்துபோய் ஹீற்றிங்கை நிறுத்திவிட்டுக் குளிரில் நடுங்கியபடி இருந்தாள்; வீடு முழுக்க ஆறி, ஜன்னல் கண்ணாடியில் அவளுடைய மூச்சே நீராய் வழிந்து, ரயில் ஒன்று வளைவில் கிறீச்சிட்டுப் போய், அந்தச் சத்தமும் அடங்கிய பிறகு, மரத்துக்குள்ளிருந்து, அவசரமில்லாமல், மூன்று. இடைவெளி. மூன்று. மூன்றாம் நாள் காதுக்கருவியை மாட்டிப் பாட்டை உச்சத்தில் வைத்தாள். பாட்டின் தாளத்துக்கு அடியில் அது தன் தாளத்தில் தட்டியது. நான்கு முப்பதுக்கு நின்றது. எல்லா நாளும் நான்கு முப்பதுக்குத்தான் நின்றது.

அந்த நாற்பது நிமிடம் அவளுக்குத் தெரியும்.

அன்றும் அவள் காதில் இதே கருவி. யாரோ ஒருவருடைய குளியலறைப் பூஞ்சணம். அப்பாவின் அறையிலிருந்து மூன்று தட்டு. "வாறன் அப்பா" என்று கத்தினாள். போகவில்லை. மறுபடி மூன்று. அன்று காலையிலிருந்து பதினொரு தடவை எழுந்து போயிருந்தாள். பன்னிரண்டாவது தடவைக்கு அவளுடைய கால் எழும்பவில்லை. காதில் சத்தத்தைக் கூட்டினாள். வேலை முடித்துப் போனபோது அப்பாவின் கை கட்டில் காலைப் பிடித்தபடி இருந்தது. வாய் திறந்திருந்தது. சொதி கால்மாட்டில் இருந்து அவளைப் பார்த்தது.

"ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கேக்காமல், நித்திரையிலயே போட்டார். குடுத்து வச்ச மனுசன்." துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும், சிவன் கோயில் ஐயரிடமும், வேலைத்தலத்திலும் அம்மா இதைத்தான் சொன்னார். சிவகௌரி என்கிற அந்த மனுசி இப்போது எழுந்து நடமாடுவதே இந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான். அதைக் கொடுத்தவள் மாதங்கி. "சத்தமே கேக்கேல்லை அம்மா" என்று.

இன்று காலை தூணைத் தடவிப் பார்த்தாள். குழி இருந்த இடத்தில் கயிறு நைந்திருந்தது. பூனை நகம் பட்டால் மேலிழை பிய்ந்து தொங்கும். இது உள்ளிருந்து வெளியே பிதுங்கியிருந்தது. கழற்றி எறியவேண்டும். நாளைக்கு என்று நினைத்தாள். மூன்று வருடமாக எல்லாவற்றுக்கும் அவள் சொல்கிற சொல்.

இப்போது மூன்று நாற்பத்தெட்டு. முன் கதவுப் பூட்டில் திறப்பு திரும்பியது.

"ஷிப்ட் மாத்திப்போட்டாங்கள்" என்றார் அம்மா. குளிரும் முதியோர் இல்லத்துச் சோப் மணமும் அவரோடு உள்ளே வந்தன. "என்ன, லைற்றும் போடாமல் இருக்கிறாய்?"

"அம்மா, வாங்கோ, வெளியில போவம். டூட்டிங் பக்கம் போய்ச் சாப்பிடுவம்."

"எட இண்டைக்கோ? கால் வீங்கிப்போய்க் கிடக்கு." அம்மா குசினிக்குள் போனார். கேத்தல் கொதிக்கத் தொடங்கியது.

"அம்மா, தயவுசெய்து."

கேத்தல் அணைந்தது.

மூன்று தட்டு.

"ஓம் ஓம், வாறன்" என்றார் அம்மா குசினியிலிருந்து. மூன்று வருடப் பழக்கம் வாயிலிருந்து தானாக வந்தது. பிறகு குழாய் திறக்கும் சத்தம். குழாய் மூடும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அம்மா தான் செய்துகொண்டிருப்பதைப் புரிந்துகொள்கிற நேரம் அது.

அவர் வாசலில் வந்து நின்றார். கையில் மூக்குப்பேணி.

மூன்று தட்டு.

"பைப் அம்மா" என்றாள் மாதங்கி.

அம்மா அவளைப் பார்க்கவில்லை. மரத்தை நோக்கி நடந்தார். முழங்கால் முறிகிற சத்தத்தோடு குந்தினார். சொதி இருந்த இடத்தில். நைந்த கயிற்றுக்குள் விரலை விட்டார். இழைகள் ஒவ்வொன்றாக அறுந்தன. அவருடைய பெருவிரல் நுனி குழிக்குள் போய், அளவாக, இருந்தது.

அப்பாவின் பவுடர் மணம். அதற்கடியில் பழைய மூத்திர மணம். வீடு கழுவி ஒரு மாதத்துக்கு மேல்.

"கட்டில் போகேல்லை" என்றார் அம்மா.

"இல்லை."

மூன்று தட்டு. அம்மாவின் விரலுக்குக் கீழேயே. அவர் கையை எடுக்கவில்லை.

"அண்டைக்கும் தட்டினவரோ?"

பொய் ஒன்று வாய்வரை வந்தது. அதைத் தூக்கக்கூடப் பலமில்லை.

"ஓம்."

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிசம்."

அம்மா அழவில்லை. கத்தவில்லை. கத்தியிருந்தால் மாதங்கியும் கத்தியிருப்பாள். நீங்கள் எங்கே இருந்தனீங்கள், மற்ற ஆக்களின்ர அப்பாமாரைக் கழுவிக்கொண்டு இருந்தனீங்கள் என்று. அதற்கு இடம் வரவில்லை. இருட்டில் அம்மாவின் முகம் தெரியவில்லை. முதுகு மட்டும். அது மெல்ல உயர்ந்தது. மெல்லத் தாழ்ந்தது. சொதியின் தலை போல.

"வாறன் எண்டு சொன்னனீயோ?"

"சொன்னனான்."

அம்மா பேணியைப் பின்னால் நீட்டினார். திரும்பாமல்.

"அப்ப போ."

பேணி குளிர்ந்திருந்தது. நிறைய நிறைய ஊற்றியிருந்தார். மாதங்கி முழந்தாளிட்டாள். தட்டல் நின்றது. கேட்டதற்கு ஆள் வரும்போது அப்பா அப்படித்தான் நிறுத்துவார்.

பேணி பிடித்த கையைக் கூட்டுக்குள் விட்டாள். மணிக்கட்டு. முழங்கை. நாற்பது சென்ரிமீற்றர், ஒட்டுப்பலகை, பதினான்கு ஸ்க்ரூ. இப்போது பலகையில் படவேண்டும்.

படவில்லை.

தோள் வாசலில் முட்டியது. கன்னம் கயிற்றில் உரசியது. உள்ளே சூடாக இருந்தது, கம்பளிக்குக் கீழே இருப்பது போல. பேணியைப் பழக்கப்படி மெல்லச் சரித்தாள்.

தண்ணீர் கீழே விழுகிற சத்தம் கேட்கவில்லை.

பேணியின் மூக்கில் பல் பட்டது.